மிஸிஸ் பிக்கரிங்கின் நீலக்கரைத் தட்டு

இந்த நாட்டில் தேநீரைச் சாப்பிடுகிறார்கள். குடிக்கவும் செய்கிறார்கள், அது வேறு. ஆனால் "டீக்கு வாருங்கள்" என்று ஒருவர் அழைத்தால், மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டு மேசையில் ஆட்டிறைச்சியும் அவித்த உருளைக்கிழங்கும் பச்சைப் பட்டாணியும் காத்திருக்கும் என்று பொருள். எங்களுக்கு இது தெரியாது. எழுபத்து நான்காம் ஆண்டு சிட்னிக்கு வந்த முதல் மாதத்தில், என் கணவரோடு வேலை செய்கிற ஒருவர் வியாழக்கிழமை டீக்கு வரச் சொன்னார். வெறுந்தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் தருவார்கள் என்று நினைத்து, வீட்டில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனோம். அங்கே மறுபடியும் சாப்பிட்டோம். திரும்பி வரும்போது ரயிலில் இவர், "இனி ஆரும் ரீக்குக் கூப்பிட்டால் விடியவிலயிருந்தே பட்டினி கிடக்கோணும்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலைத் தேநீருக்கும் 'ஹை டீ' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். சோதனையில் அந்தக் கேள்விக்கு ஐந்து புள்ளி கொடுப்பேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் வெள்ளைக்காரர் எல்லோரும் ஒரே மாதிரி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அந்த நினைப்போடுதான் விமானம் ஏறினேன். இங்கே வந்த பிறகு என் ஆசிரியப் பத்திரங்களை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். இவற்றை வைத்து இங்கே படிப்பிக்க முடியாது என்று மரியாதையாக எழுதித் திருப்பி அனுப்பினார்கள். இப்போது பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்கிறேன். நோயாளர்களின் சாப்பாட்டுத் தட்டங்கள், இங்கே ட்ரே என்பார்கள், ஓடுகிற பட்டியில் ஒவ்வொன்றாக வரும். அதில் கரண்டி, முள்ளுக்கரண்டி, வாய் துடைக்கிற பேப்பர் சேவியட், தேநீர்க் கோப்பை ஆகியவற்றை வைப்பது என் பங்கு. முதல் நாள் கோப்பையின் காதை வலப்பக்கம் திருப்பி, கரண்டியை அதற்கு இணையாக வைத்து ஒழுங்கு பார்த்துக்கொண்டு நின்றேன். மேற்பார்வை செய்கிறவள் வந்து, "லவ், அதெல்லாம் பார்க்கத் தேவையில்லை. பெல்ட் உனக்காக நிற்காது" என்றாள். இங்கே கடைக்காரர், பஸ் ஓட்டுகிறவர், தபால்காரர் எல்லோரும் என்னை லவ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்கு ஒரு பொருளும் இல்லை என்று விளங்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

எங்கள் பாடசாலையில் மனையியல் அறை என்று ஒன்று இருந்தது. மிஷன் காலத்தில் கட்டியது. அதன் சுவரோடு ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் ஆறு பேருக்கான விருந்துச் செட் முழுதாக இருந்தது. சூப் தட்டு, மீன் தட்டு, பெரிய தட்டு, பாண் வைக்கிற பக்கத் தட்டு, அவித்த முட்டையை நிறுத்தி வைக்கிற குட்டிக் கிண்ணம், வாட்டிய பாணை நிமிர்த்தி வைக்கிற கம்பித் தாங்கி. முள்ளில் மட்டும் மூன்று வகை. அலுமாரியைப் பூட்டுகிற திறப்பு எப்போதும் என் இடுப்பில் இருக்கும். செய்முறை வகுப்பில் சூப் தட்டில் பச்சைத்தண்ணீர் ஊற்றுவோம். பிள்ளைகள் அதைக் கரண்டியால் தங்களுக்கு எதிர்ப்பக்கமாக வழித்துச் சத்தமில்லாமல் குடிப்பார்கள். மீன் கத்தியால் வாழைப்பழத்தை வெட்டுவார்கள். ரோஸ்ட் பீஃப் வருகிற இடத்தில் தட்டு வெறுமையாகவே இருக்கும், சைவப் பிள்ளைகளுக்கு வேறு எதை வைப்பது? வெறுந்தட்டில் கத்தியையும் முள்ளையும் பவ்வியமாக ஓட்டி, முடிந்ததும் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு, வாயைச் சேவியட்டால் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஒற்றிக்கொள்ள வாயில் ஒன்றும் இராது. சின்ன வகுப்புக்காரர் அலுமாரித் தட்டுகளை உடைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போடுவேன்: நாளைக்கு எல்லோரும் ஒரு தட்டு கொண்டு வரவும். (பேச்சில் நாங்கள் இதைக் கோப்பை என்போம். இந்தியத் தமிழருக்குக் கோப்பை என்றால் குடிக்கிற பாத்திரம். குழப்பம் வேண்டாம் என்று இங்கே தட்டு என்றே எழுதுகிறேன்.)

சிரிப்பாக இருக்கிறது அல்லவா? எனக்கு அந்த அறை பிடிக்கும். அந்தச் சாப்பாடும் பிடிக்கும். நான் படித்த காலத்தில் ஹொஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை தருகிற மஞ்சள் கஸ்டட், பாணில் கண்ணுக்குத் தெரியாத அளவு பூசிய தோடம்பழ மார்மலேட், துணித் தொப்பி போட்ட கேத்தலிலிருந்து ஊற்றிய தேநீர் எல்லாம் எனக்கு உயிர். பிறகு இறக்குமதி நின்றது. கஸ்டட் மா, மார்மலேட், சீஸ் ஒவ்வொன்றாகக் கடைகளிலிருந்து காணாமல் போயின. பாணுக்கே வரிசையில் நின்ற காலம் அது. மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு தின்றுவிட்டு வந்து, கஸ்டட் புடிங் செய்முறையைப் பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினார்கள். வெறும் கஸ்டட் பேணிக்குள் பொத்தான்கள் போட்டு வைத்திருந்தேன், மூடியைத் திறந்தால் வனிலா மணம் லேசாக வரும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இங்கிலாந்துக்காக ஏங்கிய விசர் நான்.

வெளிநாடு போகலாம் என்று இவர் சொன்னபோது நான் ஏன் உடனே தலையாட்டினேன் என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. இங்கே வந்து ஒரு பெரிய கடைக்குள் போனபோது மார்மலேட் மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. தடித்த தோல் போட்டது, மெல்லிய தோல் போட்டது, இஞ்சி போட்டது. எதை எடுப்பது என்று தெரியாமல் கன நேரம் நின்றேன். ஒன்றை வாங்கி வந்து, பாணை வாட்டி, வெண்ணெய் தடவி, மேசையில் இருந்து ஒழுங்காகச் சாப்பிட்டேன். இனிப்பும் கசப்பும் நாக்குக்குத் தெரிந்தன. வேறொன்றும் நடக்கவில்லை. கஸ்டட்டிலும் அப்படித்தான். நாக்கு மரத்துவிட்டதோ என்று பார்க்கப் பச்சை மிளகாயைக் கடித்தேன், உறைத்தது. நாக்கில் பிழையில்லை. மீதி மார்மலேட்டை இவர்தான் சாப்பிட்டு முடித்தார்.

அந்த டிசம்பரில் எங்கள் தெருக்காரர் எல்லோரும் கிறிஸ்மஸுக்கு முதல் ஞாயிறு மண்டபத்தில் கூடுவதாக வீட்டுக்கு வீடு ஒரு துண்டுக் கடிதம் போட்டிருந்தார்கள். அதன் கடைசி வரி: லேடீஸ், பிளீஸ் பிரிங் எ பிளேட். எனக்கு அது நன்றாகவே விளங்கியது. நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே வசனம் அல்லவா? மண்டபத்தில் தட்டுப் போதாது போலிருக்கிறது, பாவம், என்று இரக்கப்பட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு வெள்ளைத் தட்டு, கத்தி, முள், கரண்டி எடுத்து, இரண்டு துணிச் சேவியட்டைக் கஞ்சி போட்டுப் பிஷப்பின் தொப்பி போல மடித்து ஒவ்வொரு தட்டிலும் நிறுத்தினேன். "உம்மட வகுப்பு இஞ்சயும் தொடங்கீற்றுது" என்றார் இவர். நாற்பது பாகை வெயிலில் அவற்றை மூடி, சாயாமல் தூக்கிக்கொண்டு போனோம்.

மண்டபத்தில் நீளமாக ஒரு மேசை. வருகிற ஒவ்வொரு பெண்ணும் தன் தட்டை அதில் வைக்கிறாள். கேக், இறைச்சி ரோல், தேங்காய்ப்பூவில் புரட்டிய சொக்லட் கேக், முட்டை சாண்ட்விச். அவற்றுக்கு நடுவில் என் இரண்டு வெறுந்தட்டுகளையும் வைத்தேன். முள் இடது, கத்தி வலது, தொப்பி நடுவில். பக்கத்தில் நின்ற ஒருத்தி எட்டிப் பார்த்து, "சாப்பாட்டை மறந்துவிட்டாயா, லவ்?" என்றாள். நான், "இல்லையே, இரண்டு கொண்டு வந்திருக்கிறேன்" என்றேன். எல்லோரும் என் தட்டுகளையே பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குக் காது சூடேறத் தொடங்கியது. பிளேட் என்றால் அதன் மேல் இருக்கிற சாப்பாடு. உலகத்திலேயே இது தெரியாதவள், தட்டுகளைப் பற்றிப் பதினொரு வருடம் படிப்பித்த நான் ஒருத்திதான்.

அப்போது ஒரு மெலிந்த கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் நீலக்கரை போட்ட தட்டு நிறைய ஸ்கோன் என்கிற சின்னக் கேக். அதில் பாதியை என் இரண்டு தட்டுகளுக்கும் மாற்றிவிட்டு, "இவள் என் பக்கத்து வீடு. நாங்கள் பங்கு பிரித்துக் கொண்டு வந்தோம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அதுவரை வேலிக்கு மேலால் தலையசைப்பதைத் தவிர அவரோடு நான் பேசியதில்லை. பிறகு என் காதுக்குள் கேட்டார்: "பிஷப் தொப்பி மடிக்க உனக்கு யார் சொல்லித் தந்தது?" நான்தான் அதைச் சொல்லிக் கொடுக்கிறவள் என்று சொன்னேன். அவர் மிஸிஸ் பிக்கரிங். வட இங்கிலாந்துக்காரர். போர் முடிந்து சில வருடங்களில் கப்பலில் வந்தவர், கணவர் இறந்து தனியே இருக்கிறவர், ஒரே மகள் பேர்த் நகரில்.

அன்று தொடங்கி சனிக்கிழமை நான்கு மணிக்கு அவர் வீட்டில் தேநீர். குடிக்கிற தேநீர். துணித் தொப்பி போட்ட கேத்தல், பால் தனிக் குவளையில், சீனிக் கட்டிக்கு ஒரு இடுக்கி. அவருடைய அலுமாரியில் நீலக்கரைத் தட்டு ஆறு இருந்தன, கலியாணத்துக்கு வந்தவை. நாங்கள் இருவரும் இந்த நாட்டுக்காரரைக் குறை சொல்வோம். தேயிலையைக் கடதாசிப் பைக்குள் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுகிறார்கள், இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' என்பதைப் பேப்பரிலிருந்தே கடித்துத் தின்கிறார்கள், கையெல்லாம் சோஸ். ஒருநாள் அவர் ஒரு நீளப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நீல வெல்வெட்டில் ஆறு மீன் கத்தி. இருபத்தைந்து வருடமாக எடுக்கவில்லையாம், கேட்கிறவர்களும் இல்லையாம். சந்திக் கடையில் பொரித்த மீனை வாங்கி வந்து, சுற்றியிருந்த பத்திரிகைத் தாளைக் கழற்றி எறிந்துவிட்டு, தட்டில் வைத்துச் சாப்பிட்டோம். வாழ்க்கையில் முதல் தடவையாக மீன் கத்தியால் மீனை வெட்டினேன். வாழைப்பழத்தைவிடக் கஷ்டம்தான். ஆனால் அந்த மீன் ருசித்தது. வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்கு ஒன்று ருசித்தது.

"இங்கிலாந்தில் நீ எங்கே இருந்தாய்?" என்று அன்று கேட்டார். நான் போனதே இல்லை என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "போகாத ஊருக்கு எப்படி ஏங்குவாய்?" இங்கிலாந்து எனக்கு ஒரு கண்ணாடி அலுமாரி, அது யாழ்ப்பாணத்தில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அவரே பிறகு சொன்னார், தானும் அப்படித்தானாம். தங்கை எழுதியிருக்கிறாளாம், அங்கே இப்போது தெருவுக்கு ஒரு கறிக்கடை வந்துவிட்டதாம், மீன் கத்தியை ஒருவரும் சீண்டுவதில்லையாம். "திரும்பிப் போனால் எனக்குச் சமைக்க உன்னைத்தான் கூட்டிப் போக வேண்டும்" என்று சொல்லிச் சிரித்தார்.

ஒருமுறை சீட் கேக் என்று ஒன்றைச் செய்து, நீலக்கரைத் தட்டில் வைத்துத் தந்தனுப்பினார். பெருஞ்சீரகம் மாதிரி ஒரு விதை போட்டது. அடுத்த நாள் அந்தத் தட்டில் பயற்றம் பணியாரம் அடுக்கி வேலிக்கு மேலால் கொடுத்தேன். எதற்கு இவ்வளவு என்று கேட்டார். அயல்வீட்டுத் தட்டை எங்கள் ஊரில் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம், ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் சீனியாவது வைத்துக் கொடுப்போம் என்றேன். மிஸிஸ் பிக்கரிங் கொஞ்சம் யோசித்தார். "அப்படியானால் நானும் வெறுமையாகத் தர முடியாது. இது முடியவே முடியாதே?" என்றார். "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கிவிட்டது. அதன்பின் ஒன்றரை வருடம் அந்தத் தட்டு வேலிக்கு மேலால் போய்வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா செத்துப்போனா. அண்ணாவின் தந்தி ஒரு காலையில் வந்தது. அதை நான் வாசித்து முடிக்கும்போது அங்கே எல்லாம் முடிந்திருக்கும். இவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் தலை முழுகினோம். குசினிக் கதிரையில் இருந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலார்தான் சமைத்துக்கொண்டு வருவார்கள். இங்கே என் மின்சார அடுப்பு மூட்டாமல் கிடந்தது யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். பின்னேரம் கதவு தட்டியது. நீலக்கரைத் தட்டு, அதன் மேல் துணி, துணிக்குக் கீழே இளஞ்சூட்டில் சீட் கேக். இவர் வேலியடியில் சொல்லியிருக்கிறார். "சாவு நடந்த வீட்டில் சமைக்க விடமாட்டோம், எங்கள் பக்கத்தில். சாப்பிடு, லவ்" என்றார் மிஸிஸ் பிக்கரிங். அந்தச் சொல்லுக்குப் பொருள் இருந்த ஒரே தடவை அதுதான்.

அந்தக் கேக்கை நான் சாப்பிடவில்லை. அதில் முட்டை இருந்தது, முப்பத்தோராம் நாள் காரியம் வரைக்கும் நாங்கள் முட்டை, மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடுவதில்லை. பேணிக்குள் வைத்திருந்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு இவர் அதைப் பின்வளவில் எலுமிச்சைக்குக் கீழே தாட்டார். தட்டு என் அலுமாரியில் இருந்தது. வெறுமையாகக் கொடுக்க முடியாது, சாவுத் தீட்டு உள்ள துடக்கு வீட்டிலிருந்து ஒன்றும் வைத்தும் கொடுக்க முடியாது. கலியாணம் முடித்த மகளுக்கு அத்தனை நாள் துடக்கு இல்லை என்று யாரோ எப்போதோ சொன்னதாக ஒரு ஞாபகம். கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஐயர் இல்லை, கிட்டடியில் எங்களுக்குத் தெரிந்த கோயிலும் இல்லை. கூடக் காத்தால் பிழையில்லை என்று முழு முப்பத்தொரு நாளும் காப்பதென்று முடிவெடுத்தேன். வேலியில் நின்று மிஸிஸ் பிக்கரிங்குக்கு விளக்கினேன். அவ்வளவு நாளும் நான் வரக்கூடாது, என் வீட்டில் நீங்கள் சாப்பிடக்கூடாது, அதன்பின் உங்கள் தட்டு நிறைந்து வரும். தாங்கள் கப்பலில் வந்தபோதும் நோய்ப் பயத்தில் இப்படித்தான் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்றார். "முப்பத்தொரு நாள்தானே? நான் எங்கே போகப் போகிறேன்?" என்றார்.

பத்தொன்பதாம் நாள் அவர் வீட்டு வாசலில் அம்புலன்ஸ் நின்றது. இருபத்தோராம் நாள் நான் வேலை செய்கிற பட்டியில் ஒரு தட்டத்தின் மேல் அட்டை வந்தது: பிக்கரிங், டி. மென்மையான உணவு. நாலாம் மாடி. லிஃப்டில் ஏறினால் ஒரு நிமிடம். நான் கோப்பையின் காதை வலப்பக்கம் திருப்பினேன். பேப்பர் சேவியட்டை எடுத்து, பெல்ட் ஓடிக்கொண்டிருக்கவே, பிஷப் தொப்பியாக மடித்து நிறுத்தினேன். தட்டம் போய்விட்டது.

அன்றிரவு இவர், "போய்ப் பாத்திட்டு வாருமன். இஞ்ச ஆர் வந்து கேக்கப் போயினம்?" என்றார்.

"துடக்கோட வருத்தக்காரரைப் பாக்கப் போய், அவவுக்கு ஒண்டு நடந்தால்?"

"ஆஸ்பத்திரியில வேலைக்குப் போறீர்தானே?"

"அது வேலை. இது நான் போறது. இன்னும் பத்து நாள்தானே, பொறுங்கோ."

பொறுக்க வேண்டியவர் இவர் இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

திரும்பி வருகிற தட்டங்களைத் துப்புரவாக்குவதும் எங்கள் வேலைதான். மிஸிஸ் பிக்கரிங்கின் தட்டம் முதல் நாள் வந்தபோது, சாப்பிட்டு முடித்த தட்டின் நடுவில் ஒரு சின்னச் சீனிப் பை இருந்தது. தேநீருக்குச் சீனி போடவில்லையாக்கும் என்று நினைத்தேன். அவர் இரண்டு கட்டி போடுகிறவர் என்பது எனக்கு அப்போது நினைவு வரவில்லை. அடுத்த நாள் தட்டின் நடுவில் சீனிப் பையும் பிரிக்காத ஒரு பிஸ்கட் பொதியும். மூன்றாம் நாளும் அதே மாதிரி. தட்டைத் துடைத்து, சரி நடுவில் வைத்திருந்தார். பக்கத்தில் சேவியட் மறுபடியும் பிஷப் தொப்பியாக மடித்திருந்தது, ஒரு பக்கம் சரிந்து. கீழே யார் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெறுந்தட்டு அனுப்பக்கூடாது என்று அனுப்புகிறார். நான் அவற்றை எடுத்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு மிச்சத் தட்டங்களைக் கழுவப் போனேன். மேலே போகவில்லை. முப்பத்திரண்டாம் நாளுக்கு என்ன செய்வது என்று மட்டும் யோசித்தேன். மெல்லிசாகப் பாண் வெட்டி, வெண்ணெய் பூசி, கூடவே கொஞ்சம் பயற்றம் பணியாரம்.

இருபத்தேழாம் நாள் அந்த அட்டை வரவில்லை. தட்டம் எடுக்க ஆள் இல்லாவிட்டால் அட்டை வராது, அவ்வளவுதான். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பெயரின் தட்டத்தில் கரண்டியை வைத்தேன்.

மகள் மார்கரட் பேர்த்திலிருந்து வந்து காரியங்களைப் பார்த்தாள். முப்பதாம் நாள் அடக்கம், அதன்பின் அதே மண்டபத்தில் தேநீர். தெருவுக்குப் போட்ட துண்டில் அதே வரி: லேடீஸ், எ பிளேட் பிளீஸ். செத்தவீட்டுக்குப் போகத் துடக்குத் தடையில்லை. உயிரோடு இருந்தபோது நான் பார்க்கப் போகாத அவரிடம் இப்போது போகலாம். என் வீட்டில் ஒன்றும் சமைத்துக் கொண்டு போக முடியாது. நீலக்கரைத் தட்டை எடுத்து, அவர் எனக்கு அனுப்பிய சீனிப் பைகளையும் பிஸ்கட்டுகளையும் அதில் வட்டமாக அடுக்கினேன். மண்டபத்தில் கேக்குகளுக்கும் இறைச்சி ரோல்களுக்கும் நடுவில் அதை வைத்தேன். இம்முறை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மகளிடம் தட்டை ஒப்படைத்து, இது உங்கள் அம்மாவுடையது என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போயிருந்தேன்.

எல்லோரும் கலையும்போது மார்கரட் குசினியில் நின்று தட்டுகளைக் கழுவித் துடைத்து, வந்த பெண்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் அதுதான் மரியாதை. சீனியை எல்லாம் சனங்கள் தங்கள் தேநீரில் போட்டுவிட்டார்கள், பிஸ்கட்டும் முடிந்துவிட்டது. நீலக்கரைத் தட்டை ஒளிர ஒளிரத் துடைத்து என்னிடம் நீட்டினாள். "இது உங்களுடையதுதானே? அம்மாவிடமும் இதே மாதிரி இருந்தது. ஐந்துதான் மிச்சம். ஒன்று குறைகிற செட்டை என்ன செய்வது, யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன்." ஆறாவது இதுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தட்டு வெறுமையாக இருந்தது. வெறுந்தட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது? "ஓம்" என்றேன். அவளுக்கு அது என்னவென்று கேட்டதோ தெரியாது. தலையை ஆட்டிவிட்டு அடுத்தவளின் தட்டை எடுத்தாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அண்ணாவின் நீலக் கடிதம் வந்தது. அம்மா போய் ஐந்தாம் நாள் எழுதியிருக்கிறார், தபாலில் எங்கோ சுற்றி வந்திருக்கிறது. கடைசியில், கையெழுத்துக்கு மேலே: "கலியாணம் முடிச்சுப் போன பொம்பிளைப் பிள்ளைக்கு மூண்டு நாளோட துடக்குக் கழிஞ்சுது எண்டு ஐயர் சொன்னவர். அங்க தனிய இருந்து கனநாள் காத்துக் கஷ்டப்படாதை." வாசித்துவிட்டு இவரிடம் கொடுத்தேன். இவர் வாசித்துவிட்டு என்னைப் பார்க்காமல் மடித்து வைத்தார். கிட்ட இருந்தும் பார்க்கப் போகாத ஒருவருக்காக அழ எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். தூர இருந்ததால் போக முடியாமற்போன ஒருவருக்காகவும் நான் இன்னும் அழவில்லை.

பக்கத்து வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். நல்ல சனம், வாசலில் காரைக் கழுவும்போது எனக்குக் கை காட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தக் கண்ணாடி அலுமாரியின் திறப்பு இப்போது வேறொரு ரீச்சரின் இடுப்பில் இருக்கும். அங்கே ஒருவரும் சாப்பிடாத இங்கிலாந்துத் தட்டுகள், இங்கே என் குசினியில் ஒருவரும் சாப்பிடாத ஒன்று. குளிருக்கு மேலங்கியை மாற்றியபோது பழையதன் பைக்குள் ஒரு சீனிப் பை அகப்பட்டது. சனிக்கிழமை நான்கு மணிக்குத் தட்டை எடுத்துத் துடைத்து, அந்தச் சீனிப் பையைச் சரி நடுவில் வைத்து, மறுபடி அலுமாரிக்குள் வைக்கிறேன். ஒருநாள் இவர் பார்த்துக்கொண்டு நின்று, "ஆருக்கப்பா அது?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டுக் கோப்பை" என்றேன். "திருப்பிக் குடுக்கோணும்."